சாரதிக்கு வயது 68

திட்டக்குடியிலிருந்து சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அன்பர். வயது 68. முப்பது வருஷமாகத் தாமே கார் ஓட்டிப் பழகியவர். இப்போது அந்தக் காரை விற்றுவிட்டு, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, தம் மனைவியுடன் காவேரிக் கரை ஸ்தலங்கள், ராமேசுவரம், கன்னியாகுமரி என்று ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. "இத்தகைய வண்டியை ஓட்டுவது எம் போன்ற வயதினருக்குச் சௌகரியமாயிருக்குமா? தயவு செய்து தங்கள் பத்தியில் விளக்க வேண்டும்" என்று கேட்டிருந்தார்.

நான்கு நாள் கழித்துச் சென்னையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதை எழுதியவர் அந்த அன்பரின் குமாரர். "அப்பா தங்களுக்கு எழுதியிருப்பதாக அறிகிறேன். தாங்கள் எப்படியாவது 'வேண்டாம்' என்று எழுதிவிட வேண்டும். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார், அச்சில் வந்தால் கேட்பார்" என்று அதில் கண்டிருந்தது.

அச்செழுத்துக்கு இன்னும் இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தெரிந்ததில் நமக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த மரியாதையை இப்படிச் செலவழிக்க நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் தகப்பனாரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக் கொள்ளும் நாள், அவருக்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு கொடுத்த நாளைவிடக் கசப்பானது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலும், தகப்பனார் 'சௌகரியமா?' என்று கேட்கிறார், மகன் 'அபாயமல்லவா?' என்று கேட்கிறார். வண்டி ஓட்டுகிறவர் விஷயத்தில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். முதுகு வலிக்கிற சாரதியும், முழங்கால் கடுக்கிற சாரதியும், எப்போது ஒதுங்க இடம் கிடைக்கும் என்று தவிக்கிற சாரதியும் சாலையைப் பாதி மனத்தோடுதான் பார்ப்பார்கள்.

நம்மவர்களுக்குக் 'கேரவன்' என்றவுடன் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டிதான் நினைவுக்கு வரும். அதை நட்சத்திரம் ஓட்டுவதில்லை. ஆந்திரத்தில் என். டி. ராமராவ் 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது, பழைய செவர்லே வண்டி ஒன்றைச் செப்பனிட்டு, 'சைதன்ய ரதம்' என்று பெயர் சூட்டி, அதிலேயே உண்டு உறங்கி ராஜ்யம் முழுவதும் சுற்றினார். அப்போது அவருக்கு வயது 59. ஆனால் ரதத்தைச் செலுத்தியவர் அவருடைய குமாரர் ஹரிகிருஷ்ணா. ரதத்தில் எழுந்தருள்கிறவரும் சாரதியும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்வரை நாம் எழுத வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒருவரே என்னும்போதுதான் சங்கதி வேறாகிவிடுகிறது. வண்டி விற்பவர்களின் விளம்பரப் புத்தகங்களைப் பார்த்தோம். மெத்தை, குளிர்ப்பெட்டி, சாயும் நாற்காலி, விளக்கு அலங்காரம் எல்லாம் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. சாரதியின் ஆசனத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

கடிதத்துக்குக் கடிதத்தாலேயே பதில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் எழுதுவது நியாயமல்ல என்று தோன்றியபடியால், டிராவலர் வகை வண்டி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு ஏற்பாடு செய்துகொண்டு திட்டக்குடிக்கே சென்றோம். இந்த டிராவலர் நம் நாட்டுக்குப் புதியதல்ல. பூனாவில் அப்போது பஜாஜ் டெம்போ என்றிருந்த கம்பெனி, ஜெர்மானிய மெர்ஸிடிஸ் வேனின் மாதிரியைக் கொண்டு 1987இல் இதை வெளியிட்டது. கல்யாணக் கோஷ்டிகளும் சபரிமலை பக்தர்களும் ஏறி ஏறி இதைத் தமிழ்நாட்டு வண்டியாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த உடலுக்குள் படுக்கை போட்டவைதான் இன்று நம் பக்கத்தில் கிடைக்கும் பெரிய கேம்பர் வேன்களில் பல.

வெல்லிங்டன் ஏரி வரை ஒரு முறை போய்த் திரும்பி, பிறகு பெண்ணாடம் வழியாக விருத்தாசலம் சென்று வருவது என்று ஏற்பாடு. விருத்தர் ஒருவர் விருத்தாசலத்துக்குச் சாரத்தியம் செய்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறதல்லவா?

முதல் சோதனை ஏறுவது. காரில் முதியவர் செய்வது இறங்கி உட்காருவது. பிறகு எழுந்திருக்கும்போது தம் முழுப் பாரத்தையும் இரண்டு முழங்கால்களாலும் தூக்க வேண்டும். வேனில் அப்படியில்லை, மேலே ஏற வேண்டும். உபாத்தியாயர் ஒரு கையால் கதவையும் மறு கையால் ஸ்டியரிங்கையும் பற்றிக்கொண்டு ஏறிவிட்டார். அம்மாளோ, "படி ரொம்ப உசரமா இருக்கே!" என்று கீழேயே நின்றுவிட்டார்கள். சேலை கட்டியவருக்கு அந்தப் படி உண்மையிலேயே உயரம்தான். இரண்டு கதவுகளுக்கும் கீழே, தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலாக ஒரு துணைப் படியும், கதவுத் தூணில் உறுதியான கைப்பிடியும் வைத்துவிட்டால் இந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இறங்கும்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பஸ்ஸிலிருந்து குதிப்பதைப் போல வெளியே பார்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஏணியில் இறங்குவது போல ஆசனத்தைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும்.

ஏறி உட்கார்ந்த பிறகு கிடைப்பது காரில் கிடைக்காத சுகம். காரின் ஆசனம் ஈஸிசேர். வேனின் ஆசனம் மேஜைக்கு முன் போட்ட நாற்காலி. தொடை தரைக்குச் சமமாக இருக்கிறது, முதுகு நிமிர்ந்திருக்கிறது, கால் கீழ்நோக்கி மிதிக்கிறது. இடுப்புப் பிடிப்பு உள்ளவர்களுக்கு இந்த இருப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கண்ணும் உயரத்தில் இருப்பதால் முன்னே போகும் காருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது தெரிகிறது. ஏரிக்கரைப் பக்கம் எருமை மந்தை ஒன்று சாலையைக் கடப்பதை உபாத்தியாயர் வெகு தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்துவிட்டார். வயதானவர்களுக்குத் தீர்மானம் செய்ய ஒரு விநாடி கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால், உயரமான ஆசனம் அந்த ஒரு விநாடியைக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் வேகத்தடை வந்ததும் கதை மாறியது. பஸ்ஸில் பிரயாணம் செய்த எல்லோருக்கும் தெரியும்: நடு ஆசனத்தில் குலுக்கல் குறைவு, சக்கரத்தின் மேல் இருக்கும் ஆசனத்தில் அதிகம். காரில் சாரதி இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உட்காருகிறார். இப்படிப்பட்ட வேன்களில் அவர் உட்காருவது முன் சக்கரத்துக்கு மேலே. ஆகவே பள்ளமோ மேடோ முதலில் விசாரிப்பது சாரதியின் இடுப்பைத்தான். அம்மாள் விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பைகள் இரண்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். முன்பக்கத்துத் தட்டில் வைத்த கோப்பை ஒவ்வொரு வேகத்தடைக்கும் எழும்பி விழப் பார்த்தது. வண்டியின் நடுவில் வைத்த கோப்பை சாதுவாக இருந்தது. வேன் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பரீட்சையைச் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். கோப்பை மட்டும் பழையதாக இருக்கட்டும். இந்தக் குலுக்கலுக்கு மருந்து மெதுவாகப் போவதும், தரமான ஆசனம் போடுவதும்தான். மெத்தைக்குச் செலவிடும் பணத்தில் பாதியைச் சாரதியின் ஆசனத்துக்குச் செலவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஓடும் வண்டிக்குள் பாத்திரங்கள் இடைவிடாமல் கடகடவென்று சப்தமிட்டால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். அதைச் சாரதியின் களைப்பு என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய வேஷ்டித் துணி நாலு கிழித்துப் பாத்திரங்களுக்கிடையே செருகினோம். வண்டியே புதியது போலாகிவிட்டது.

பெண்ணாடம் சாலையில் மக்காச்சோள அறுவடை முடிந்திருந்தது. விவசாயிகள் சோளத்தைச் சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிக் காயவைத்து, ஓரத்தில் கல்லை அடுக்கியிருந்தார்கள். எதிரே டவுன் பஸ் வருகிறது. சிறு காராக இருந்தால் ஒதுங்கிவிடலாம். இரண்டு மீட்டர் அகலமுள்ள வேன் எங்கே ஒதுங்கும்? உபாத்தியாயர் வண்டியை நிறுத்தி, பஸ் போன பிறகு மெல்ல எடுத்தார். நமக்கு அவரிடம் மதிப்பு அதிகமானது அந்த இடத்தில்தான். வளைவிலும் இந்த வண்டிக்கு ஒரு தனிக் குணமுண்டு. சாரதி முன் சக்கரத்தின் மேலேயே இருப்பதால், காரில் திருப்புவதைவிடச் சற்றுத் தாமதித்துத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போய்த் திண்ணையையோ சைக்கிளையோ உரசும். முப்பது வருஷம் கார் ஓட்டிய கைக்கு இது எளிதில் வராது. நாலைந்து நாள் காலியான மைதானத்தில் பழக வேண்டும்.

விருத்தாசலத்துக் கடைத்தெருவில்தான் உண்மையான சிரமம் தெரிந்தது. பத்தடிக்கு ஒரு முறை கிளச்சை மிதிக்க வேண்டியிருந்தது. இடது முழங்காலில் தேய்மானம் உள்ளவருக்கு இது தண்டனை. நீரிழிவு வெகுநாளாக உள்ளவர்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. கால் எந்த மிதியின் மேல் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நம் நாட்டில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறதென்று நேயர்கள் அறிவார்கள். இத்தகையோர் வண்டி விலையை விசாரிக்குமுன் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுவது அவசியம். பாதம் நன்றாயிருந்து முழங்கால் மட்டுமே தொந்தரவு என்றால், கிளச் இல்லாமல் கியர் தானாக மாறும் வண்டியைத் தேடலாம். இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் வேளைக்குச் சாப்பிடாமல் ஓட்டவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில், அடுப்பும் சாதமும் கூடவே வருகிற வண்டி எந்தக் காரையும்விட மேலானது.

பெரிய வண்டி எல்லோருக்கும் வேண்டுமென்பதில்லை. மாருதி ஈகோ போன்ற சிறு வேனிலும் இருவர் படுக்கப் பலகை அமைத்துக்கொள்கிறார்கள். அதன் அகலம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். கோயில் மாடவீதிகளில் சுலபமாகப் புகும். ஆனால் அதிலும் சாரதி சக்கரத்தின் மேல்தான். எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் சித்திரை வெயிலில் தொடைக்குக் கீழே சூடு தெரியும். நின்றுகொண்டு வேஷ்டி மாற்ற முடியாது என்பதும் ஒரு குறை. மஹீந்திரா கம்பெனியின் 'பொலேரோ கேம்பர்' என்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சாமான் ஏற்றும் வண்டி. பெயர் மட்டும்தான் கேம்பர்.

எந்த வண்டியானாலும் பாரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால், ஒருவருக்கு மேல் கூட ஏற்றிக்கொண்டது போலாகும். தொட்டியும் பாட்டரியும் தாழ்வாகவும் அச்சுகளுக்கு நடுவிலும் இருக்கட்டும். கூரைமேல் கனமான பொருள் வேண்டாம். வேகம் இரட்டித்தால் வண்டியை நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. தொழுதூர் தாண்டித் திருச்சிச் சாலையில் ஏறியதும், ஆம்னி பஸ்கள் உரசிக்கொண்டு போகும்போது உயரமான வேன் ஒரு பக்கம் இழுபட்டு மறு பக்கம் தள்ளப்படும். பதறி ஸ்டியரிங்கைத் திருப்பாமல் இரு கைகளாலும் நிதானமாகப் பிடித்துக்கொண்டால் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இடது ஓரத்தில் போகிறவருக்கு அவமானம் ஒன்றுமில்லை.

குமாரர் பயப்படுவதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டென்றால் அது இரவுதான். இருபது வயதில் கண்ணின் உள்திரையை எட்டும் வெளிச்சத்தில், அறுபது வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எட்டுகிறது. பாவை சுருங்கிவிடுகிறது, விழிலென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. எதிர்வண்டியின் விளக்கு கண்ணில் அடித்தபின் பார்வை தெளிய அதிக நேரமாகிறது. விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்று வெள்ளாற்றுப் பக்கத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்தால் என்னாவது? காரில் கிளம்பியவர் ஊர்போய்ச் சேரவேண்டுமென்று இருட்டிலும் ஓட்டியே தீருவார். லாட்ஜில் அறை சொல்லியிருப்பார், அல்லது பந்துக்கள் சாப்பாடு வைத்துக் காத்திருப்பார்கள். வீட்டைக் கூடவே கொண்டுபோகிறவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு எந்த ஊரில் இருக்கிறாரோ அதுவே அன்றைக்கு அவர் போய்ச் சேரவேண்டிய ஊர். வேனில் படுக்கை இருப்பதன் பெரிய பயன், நம் அபிப்பிராயத்தில், சாரதியை ஓட்டவிடாமல் செய்வதுதான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும்போதும் அப்படியே. மரநிழலில் நிறுத்தி அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்து எழுந்தால், அடுத்த ஐம்பது கிலோமீட்டர் வேறு மனிதர் ஓட்டுவது போலிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடப்பது கால் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாகரிகம் கருதிப் பலர் எழுதுவதில்லை, நாம் எழுதிவிடுகிறோம். பிராஸ்டேட் கோளாறு உள்ள ஆண்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எந்த வயதுப் பெண்களும் நம் சாலைகளில் படும் பாடு சொல்லத் தரமன்று. பிரயாணத்தின்போது தண்ணீரே குடிக்காமல் இருந்து மயக்கம் போட்டுவிழுந்த மூதாட்டிகளை நாம் அறிவோம். வண்டிக்குள் சிறியதாக ஒரு கழிப்பிடம் இருந்துவிட்டால் அந்த விரதம் தேவையில்லை. குளிர்ப்பெட்டியா, கழிப்பிடமா, இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதியவர்கள் தயங்க வேண்டியதேயில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் முறையாகக் கொட்டும் இடங்கள் நம் ஊர்களில் பெருக வேண்டும். கேரள சர்க்கார் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டபோது, வண்டிகளோடு வண்டிகள் தங்கும் பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். யாத்திரை ஸ்தலங்கள் நிறைந்த நம் பக்கத்தில் அதற்கு இன்னும் அதிக நியாயமுண்டு.

பின்னால் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையும் அலமாரியும் பின் கண்ணாடியை மறைத்துவிடும். திரும்பிப் பார்க்கக் கழுத்தும் முன்போல் வளையாது. பின்புறக் காமிரா ஒன்று கட்டாயம் வேண்டும். காமிரா இருந்தாலும், அம்மாள் கீழே இறங்கிச் சாரதியின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்டுவது இன்னும் நல்லது. கண்ணாடியில் அம்மாள் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்பர் கேட்டிருந்தார். 'இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது' என்று நமது மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பு இல்லை. 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு லைசென்ஸ் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கப்படுகிறது. வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். கார் ஓட்டும் இலகு வாகன லைசென்ஸே 7,500 கிலோ வரையுள்ள வாகனத்துக்குப் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தார்கள். வாடகை வண்டிக்கே அப்படியென்றால் சொந்த வேனுக்குக் கேட்பானேன்? பிரிட்டனில் இவ்வளவு தாராளம் கிடையாது. அங்கே 1997க்கு முன் லைசென்ஸ் பெற்றவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். ஆனால் 70 வயதில், வைத்தியப் பரிசோதனையில் தேறினாலொழிய, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை விட்டுவிட வேண்டும். தாராளம் நமக்கு இருப்பதால் பரிசோதனையை நாமே செய்துகொள்வது உத்தமம். இன்னொன்று: சாதாரண வேனை வாங்கிப் பட்டறையில் கொடுத்து இஷ்டம்போல் மாற்றுவது கூடாது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவது பற்றிச் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் கண்டிப்பான தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அநுமதி பெற்று, 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்' என்ற வகுப்பில் முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே குமாரர் கேட்டபடி 'வேண்டாம்' என்று எழுத நமக்கு இயலவில்லை. ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற தம்பதிகள் இவ்விதம் மாதக்கணக்கில் தேசம் சுற்றுகிறார்கள். 'நரைத்த நாடோடிகள்' என்றே அவர்களுக்குப் பெயர். நம் பாட்டன்மார் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு, இருட்டுகிற இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு யாத்திரை செய்தவர்கள்தாமே? குமாரர் செய்யக்கூடிய உபகாரம் வேறு இருக்கிறது. வண்டி வாங்கும் தினத்தில் லீவு போட்டுவிட்டு வந்து, தகப்பனாரை ஏற்றி இறக்கிப் பார்த்து, துணைப் படிக்கும் காமிராவுக்கும் தாம் பணம் கொடுக்கலாம்.

திரும்பும் வழியில் அம்மாள் பின்னாலிருந்து, "ஏங்க, நான் இதெல்லாம் கத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வயது 61. உபாத்தியாயர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்வதற்கும் சட்டத்தில் வயது உச்சவரம்பு இல்லை. நடுவழியில் இவருக்கு மயக்கமென்றால், வண்டியை ஓரங்கட்டவாவது கூட வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பயிற்சிப் பள்ளியின் இரட்டைப் பிரேக் உள்ள சிறு காரில் பழகி, லைசென்ஸ் வாங்கி, பிறகு காலை வேளையில் ஏரிப் பக்கத்துக் காலிச் சாலையில் வேனைத் தொடலாம். நாம் வாடகைக்கு எடுத்த வண்டியில் ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் பிடி துருவேறி அசையாமல் இருந்தது. வாங்கும்போது அதை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாள் உபாத்தியாயரைவிட முக்கால் அடி குட்டை.